மூட்டை வாய் நூல்

எதையும் இரண்டு முறை பார்க்காமல் எனக்கு நிம்மதி வராது. கேஸை மூடிவிட்டுத் தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து பார்ப்பேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வீட்டைப் பூட்டினோமா என்று சந்தேகம் வரும். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர், இப்போது சிரிப்பதையும் விட்டுவிட்டார். ஆனால் நான் வேலைக்குப் போகிற இடத்தில் இந்தக் குணத்துக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. பள்ளிபாளையத்தில் ஒரு பாவுப் பட்டறையில் கோன் ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்கிற வேலை. வரிசை வரிசையாக மாட்டியிருக்கும் நூல் கோன்களிலிருந்து இழைகள் அவிழ்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். அதில் எந்த இழையாவது மற்றதைவிட இறுகி வருகிறதா, தொய்ந்து வருகிறதா என்று பார்த்தபடி நிற்க வேண்டும். கவலைப்படுவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குணம் எனக்கு எங்கே தொற்றியது என்று யோசித்தால், அது ஒரு விஜயதசமி நாளில் போய் நிற்கிறது. அப்போது நான் மூன்றாவதோ நான்காவதோ படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அப்பாவும் பாவு ஓட்டுகிறவர்தான். வீட்டை ஒட்டி ஒரு சிமெண்டு ஓட்டுக் கொட்டகை. அதில் ஒரு பக்கம் கோன் ஸ்டாண்டு, இன்னொரு பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு டிரம். தறி வைத்திருப்பவர்கள் நூல் மூட்டையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். துணியின் நீளவாக்கில் ஓட வேண்டிய இழைகளை எல்லாம் ஒரே அளவில், ஒரே இறுக்கத்தில் டிரம்மில் சுற்றி, பிறகு பீம் என்கிற தறி உருளையில் ஏற்றிக் கொடுப்பது எங்கள் வேலை. சித்தப்பா டிரம் பக்கம் நின்று மோட்டாரைப் பார்த்துக்கொள்வார். அம்மா ஸ்டாண்டுப் பக்கம். அப்பா இரண்டுக்கும் நடுவில் நின்று, ஓடுகிற இழைகளுக்கு அடியில் புறங்கையை வைத்து உரசிப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஸ்டாண்டில் ஒவ்வொரு கோனுக்கும் முன்னால் ஒரு ஜோடி வில்லை உண்டு. ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு தகடுகள், நடுவில் ஓட்டையோடு, ஒரு சின்னக் கம்பியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்திருக்கும். இழை இரண்டுக்கும் இடையே நுழைந்து போகும். மேல் வில்லை தன் பாரத்தால் இழையின் மேல் உட்கார்ந்து, அது ஓட ஓடத் தானும் சுற்றும். பவானிக் கூடுதுறையில் கூட்டத்துக்குள் பிள்ளையைக் கூட்டிப்போகிற பிடி மாதிரி இருக்க வேண்டும் என்பார் அப்பா. விட்டால் போய்விடும், நெரித்தால் அழும்.

அவர் வெகு கறாராக இருந்த விஷயம் ஒன்று உண்டு. முழுக் கோனிலிருந்து நூல் சுலபமாகக் கழன்று வரும். கோன் தீரத் தீர, சிறுத்துப்போன இடத்திலிருந்து உருவிக்கொண்டு வர வேண்டியிருப்பதால் இழுப்பு கூடும். அதனால் முழுக் கோனையும் மிச்சக் கோனையும் ஒரே பாவில் கலந்து போடவே கூடாது. கலந்தால் சில இழை இறுகும், சில இழை தொங்கும். தறியில் ஏற்றியதும் இறுகியது அறும், தொங்கியது குறுக்கே ஓடுகிற நாடாவில் சிக்கும். தப்பிப் பிழைத்துத் துணியானாலும் ஒரு தண்ணீர் பட்டதும் கோடு கோடாகச் சுருங்கிக்கொள்ளும். மிச்சக் கோன்களுக்கென்று அப்பா ஒரு மூங்கில் கூடை வைத்திருந்தார். அந்தக் கூடையைக் கொட்டகைக்குள்ளேயே விட மாட்டார். அது வாசலில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடக்கும்.

அந்த வருஷம் ஆவணியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. சித்தி நாமகிரிப்பேட்டைப் பக்கம். மஞ்சளும் மரவள்ளியும் போடுகிற காட்டுக்காரக் குடும்பம். வந்த புதிதில் மோட்டார் போட்டதும் திடுக்கென்று தோளைக் குறுக்கிக்கொள்வார். எனக்குத் தலை பின்னிவிடுகிற வேலையை வந்த வாரமே எடுத்துக்கொண்டார். அம்மா பின்னினால் கண் மேலே இழுத்துக்கொள்ளும். சித்தி பின்னினால் பின்னியதே தெரியாது, சாயங்காலம் வரை அவிழாமலும் இருக்கும்.

வீட்டுச் சாவி அத்தையிடம் இருந்தது. அத்தை அப்பாவின் அக்கா. மாமா இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டவர். அப்பாவே அவருக்கு எதிரே உட்கார யோசிப்பார். ஆயுத பூஜையன்று காலையில் அத்தை ஒரு பித்தளைக் கிண்ணத்தில் சந்தனத்தைக் கரைத்து, ஊரிலிருந்து சித்தி கொண்டுவந்திருந்த மஞ்சள்தூளையும் அதில் போட்டுக் கலக்கி அவர் கையிலேயே கொடுத்தார்.

"ஏம்புள்ள, பூட்டு, கத்திரி, மோட்டாரு, ஸ்டாண்டு, எதையும் உட்டுறாத. ஒண்ணு உட்டாலும் அது கோவிச்சுக்கும், பாத்துக்க."

"செரிங்க அண்ணி," என்றார் சித்தி.

அவர் ஒன்றையும் விடவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் பூசணிக்காயும் வாழைக்கன்றும் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார்கள். அம்மா அடுப்படியில் சுண்டலோடு இருந்தார். பூட்டு, கத்திரி, மோட்டார் எல்லாம் முடிந்து ஸ்டாண்டுக்கு வந்த சித்தி, ஒவ்வொரு வில்லைக்கும் ஒரு பொட்டு வைத்தார். முதலில் சந்தனம், அதன்மேல் குங்குமம். வரிசையாக, நிதானமாக, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. மதியம் ஆகிவிட்டது. சாயங்காலம் விளக்கேற்றிக் கும்பிடும்போது ஸ்டாண்டு முழுக்கச் செவ்வரளி பூத்த மாதிரி இருந்தது. "பொறுமைசாலிதான்," என்று அத்தையே சொன்னார். அத்தை வாயிலிருந்து அப்படி வருவது எப்போதாவது பெய்கிற மழை மாதிரி. அப்பா மட்டும் ஸ்டாண்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காலைல தொடச்சிரலாம்," என்று அம்மாவிடம் சொன்னார். அன்று மிஷினைத் தொடக் கூடாது. அதற்கும் ஓய்வு.

மறுநாள் விடிந்ததும் அம்மா காய்ந்த துணியால் ஒவ்வொரு பொட்டையும் துடைத்துவிட்டார். அடுத்த தெருத் தறிக்காரர் தன் மொபெட்டில் முன்னும் பின்னும் நூல் மூட்டைகளை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தார். நல்ல நாளில் பாவைத் தொடங்கினால் தீபாவளிக்குள் துணி இறங்கிவிடும் என்று கணக்கு. முதல் பாவு அவருடையது.

மூட்டை பிரிப்பதில் எனக்கு ஒரு பங்கு உண்டு. சாக்கின் வாயை வெள்ளை நூலால் சங்கிலித் தையல் போட்டுத் தைத்திருப்பார்கள். ஏதோ ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் வராது. சரியான முனையைப் பிடித்துவிட்டால் சர்ரென்று ஒரே இழுப்பில் வாய் முழுக்க அவிழ்ந்து நூல் கையோடு வந்துவிடும். அந்தச் சரியான முனை எனக்குத் தெரியும் என்பதில் எனக்குப் பெருமை. அன்று எல்லா மூட்டையையும் நான்தான் பிரித்தேன். வந்த நூல்களை முறுக்கி மணிக்கட்டில் வளையலாகச் சுற்றிக்கொண்டேன். "அட, சாமிக்கு இன்னைக்குப் புது வளையலா," என்று தறிக்காரர் என்னைக் கேட்டுவிட்டுப் போனார்.

அப்பாவும் அம்மாவும் கோன்களை மாட்டி, இழைகளை வில்லைக்குள் நுழைத்து, சீப்பு மாதிரி இருக்கும் அச்சில் இழுத்து டிரம்மில் கட்டினார்கள். சித்தப்பா வாசலில் பூசணிக்காய் உடைத்தார். மோட்டார் போட்டார்கள்.

டிரம் ஒரு சுற்று வருவதற்குள் ஓர் இழை அறுந்தது. நிறுத்தி, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்டினார்கள். மறுபடி அறுந்தது. வேறு இடத்தில் ஓர் இழை தொய்ந்து, பக்கத்து இழையோடு சுருண்டுகொண்டது. அப்பா புறங்கையை வைத்துப் பார்த்தார். சில இழை புதுக் கட்டில் கயிறு மாதிரி நின்றது. சில இழை பழைய துணிக்கொடி மாதிரி தொங்கியது. அச்சைப் பார்த்தார். கோன் மாட்டிய கோணத்தைப் பார்த்தார். சித்தப்பாவை மெதுவாக ஓட்டச் சொன்னார். எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் அறுவது அறுந்துகொண்டுதான் இருந்தது.

அத்தை கொட்டகை வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முறத்தில் புடைக்க ஒன்றும் இல்லை.

"இந்த ஊட்டுல மொதப் பாவு அறுந்து நான் பாத்ததில்ல," என்றார் முதலில். இன்னோர் இழை அறுந்ததும், "போன வருசம் வரைக்கும் அறுந்ததில்ல," என்றார். அதற்கடுத்ததற்கு, அம்மாவைக் கூப்பிட்டுக் குரலைத் தணித்தார். அத்தை குரலைத் தணித்தால் தெருவில் பாதிக்குத்தான் கேட்கும்.

"இன்னைக்கு அவங்கப்பன் தல தீவாளிக்குக் கூப்புட வாராரில்ல. கூட்டிட்டுப் போகட்டும். தம்பி போக வேண்டாம். அவ அங்கயே கொஞ்ச நாளு இருக்கட்டும். என்னமோ, வந்த காலு செரியில்லையாட்டத்தான் இருக்குது."

சித்தி கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினார். சித்தப்பா மோட்டார் சுவிட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு எப்போதும் பார்க்க ஏதாவது ஒரு சுவிட்சு இருக்கும்.

"கொஞ்ச நாள்" என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் தெருக் கோடியில் ஓர் அக்கா இருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று அம்மா வீட்டுக்கு வந்தவர்.

அம்மா ஸ்டாண்டுக்குத் திரும்பி வந்தார். அறுந்த இழையை மறுபடி நுழைக்கும்போது மேல் வில்லையை விரலால் சுண்டினார். அது சுற்றவில்லை. நகத்தால் நெம்பினார். டக்கென்று ஒரு சத்தத்தோடு கழன்று வந்தது. தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கை எடுத்து, வில்லையின் ஓட்டையைச் சுற்றிச் சுரண்டினார். மஞ்சளாக ஏதோ பொறுக்கு உதிர்ந்தது. பக்கத்து வில்லை கம்பியோடு ஒட்டி, இழையைத் தொடாமல் மேலேயே நின்றிருந்தது. அதிலும் மஞ்சள் பொறுக்கு. துரு என்று நினைத்தேன். துருவுக்கு அம்மா அப்படி அசையாமல் நிற்க மாட்டார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அம்மா ஸ்டாண்டுக்கு மேலாக அப்பாவைப் பார்த்தார். அப்பா வந்து ஊக்கை வாங்கி, அதன் நுனியை மூக்கருகே கொண்டுபோனார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் சித்தியின் அப்பா வந்து நின்றார். பஸ்ஸில் வந்த கசங்கல் வேட்டி, தோளில் மரவள்ளிக் கிழங்கு மூட்டை, கையில் வாழைத்தார். அவருக்குப் பின்னாலேயே தறிக்காரர், எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பார்க்க.

"என்னங்க இது? காலைல இருந்து இவ்வளவுதானா?" என்றார் தறிக்காரர். "அங்க தறி வாயப் பொளந்துட்டு நிக்குதுங்க."

அத்தை முறத்தை வைத்துவிட்டு எழுந்தார். "உங்க நூலு மேல குத்தமில்லீங்க, எங்க மிசினு மேலயும் குத்தமில்ல. இந்த ஊட்டுக்குப் புதுசா வந்தது என்னன்னு பாத்தா..."

சித்தியின் அப்பா மூட்டையை இறக்கவா வேண்டாமா என்று நின்றார்.

"அக்கா, சித்த இரு," என்றார் அப்பா. அத்தையை அவர் அப்படி நிறுத்தி நான் கேட்டதில்லை. பிறகு தறிக்காரரிடம் திரும்பினார். "தப்பு என்னோடதுதானுங்க. மிச்சக் கோனையும் முழுக் கோனையும் கலந்து மாட்டிப்புட்டேன். பண்டிகை மப்புல பாக்கலீங்க."

"பொரி தின்ன மப்புங்களா, பெரிய மாப்ள?" என்றார் சித்தியின் அப்பா, யாராவது சிரித்தால் நன்றாக இருக்கும் என்கிற மாதிரி. சித்தப்பா சிரித்தார்.

தறிக்காரர் சிரிக்கவில்லை. "கலந்து மாட்டிட்டீங்களா?"

"ஆமாங்க."

"நீங்களா?"

"நானேதானுங்க."

தறிக்காரர் ஸ்டாண்டைப் பார்த்தார். பிறகு, ஏனோ, என்னைப் பார்த்தார். என் முகத்தை இல்லை, மணிக்கட்டை. அவர் மூட்டையின் நூலாயிற்றே, திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் கிணற்றடிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்தார்.

"செரி உடுங்க, கை தவறறதுதான். மாத்திப் போட்டு ஓட்டுங்க. பொழுதோட வாரேன்." மொபெட்டை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டார்.

அத்தை அப்பாவின் கையிலிருந்த ஊக்கின் மஞ்சள் நுனியைப் பார்த்தபடி நின்றிருந்தார். பிறகு உள்ளே போய், தானே காப்பி போட்டு, சித்தியின் அப்பாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அத்தை அடுப்பைத் தொட்டே ரொம்ப நாள் ஆகியிருந்தது. "தல தீவாளிக்கு ரெண்டு பேரையும்தான அனுப்போணும்? அனுப்பறோம், அனுப்பறோம். தம்பிக்கு மோதிரம் உண்டுதானுங்களே?" என்று கேட்டார். சித்தியின் அப்பா, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, உண்டு உண்டு என்றார்.

அவர் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு அம்மா சித்தியைக் கூப்பிட்டார். "வில்லையெல்லாம் பஞ்சடஞ்சு கெடக்குது. வா, கழுவிப்போடலாம்."

வில்லைகளைக் கழற்றிச் சுடுதண்ணீர் ஊற்றிய அன்னக்கூடைப் பாத்திரத்தில் போட்டார்கள். சித்தி கையை விட்டு அலசினார். தண்ணீர் மஞ்சளாக மாறியது. சித்தி அலசுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா..." என்றார்.

"வெயிலு போறதுக்குள்ள காயோணும், சுருக்கா அலசு," என்றார் அம்மா.

சித்தியின் கண்ணில் நீர் நின்றது. அவருடைய அப்பா ஊருக்குப் போய்விட்டாரல்லவா, அதற்காக என்று நினைத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குப் பொரி கொடுத்தேன்.

சாயங்காலத்துக்குள் பாவு முழுவதும் ஓர் இழை அறாமல் ஓடியது.

அதோடு முடிந்திருந்தால் எனக்கு இந்த வியாதி வந்திருக்காது. ஆனால் அப்பா கலந்து மாட்டிய செய்தி பட்டறைகளுக்குள் சுற்றிவிட்டது. டீக்கடையில் அவர் உட்கார்ந்தால், "என்னங்க, இன்னைக்கு மிச்சமா, முழுசா?" என்று யாராவது கேட்பார்கள். "ரெண்டும் கலந்துதான்," என்று அப்பாவும் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. பாவு ஓட்டுகிறவர் செய்யவே கூடாத தப்பை அப்பா செய்துவிட்டார். மறுபடி செய்துவிட்டால்? மறுபடி பாவு அறுந்து, மறுபடி அத்தை முறத்தோடு உட்கார்ந்து, அப்போது நிஜமாகவே சித்தியைக் கொஞ்ச நாள் அனுப்பிவிட்டால்?

அதனால் அப்பா கோன் மாட்டி முடித்ததும், அவர் பார்க்காத நேரமாகப் பார்த்து ஸ்டாண்டைச் சுற்றி வருவேன். ஒவ்வொரு கோனையும் கண்ணால் அளப்பேன். எதுவும் சிறுத்திருக்காது. இருந்தாலும் மறுமுனையிலிருந்து இன்னொருமுறை. கொஞ்ச நாளில் அப்பா கண்டுபிடித்துவிட்டார். என்னைத் தடுக்கவில்லை, எதற்கு என்று கேட்கவுமில்லை. நான் சுற்றி முடிக்கும்வரை மோட்டாரைப் போட வேண்டாம் என்று சித்தப்பாவுக்குக் கையைக் காட்டுவார். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்று நானே ஸ்டாண்டுக்கு வந்தபோதும் அப்படித்தான். அதற்குள் சித்திக்கு இரண்டு பிள்ளைகள் ஆகி, மோட்டார் ஓடும்போதே தொட்டிலில் போட்டுத் தூங்க வைப்பார். ஆயுத பூஜைக்கு மட்டும், சந்தனக் கிண்ணத்தை நிலைக் கதவுக்கென்று அவரிடம் கொடுத்துவிட்டு, ஸ்டாண்டுக்கு அம்மா வெறும் குங்குமத்தோடு போவார். எதையும் உட்டுறாத என்று அத்தை பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

போன வருஷம், இப்போது நான் வேலை பார்க்கிற பட்டறையில், பூஜை முடிந்த மறுநாள் புது மூட்டை வந்தது. சரியான முனையைப் பிடித்து இழுத்தேன். சர்ரென்று நூல் கையோடு வந்தது. அதைக் குப்பையில் போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த விஜயதசமியன்று ஸ்டாண்டில் இருந்ததெல்லாம் வாய் தைத்து வந்த மூட்டையின் முழுக் கோன்கள். மிச்சக் கோன் ஒன்றுகூட உள்ளே வரவில்லை. கூடை வாசலில்தான் கிடந்தது. மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்த தறிக்காரருக்கு அது தெரியும். கோன் மாட்டிய அம்மாவுக்குத் தெரியும். கூடையைத் தாண்டித்தான் வாசலில் உட்கார்ந்திருந்தார் அத்தை. மூட்டையைப் பிரித்ததே நான். அதன் நூல் என் கையில் சுற்றியிருந்தது. அப்பா சொன்னதை அங்கே நம்பியது நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், நல்ல உறுதியான நூல், தறிக்காரர் அதைத் திருப்பிக் கேட்காமல் போனாரே என்பதுதான்.